மைனஸ் எண்பது

ஆண்டறிக்கைக்குத் தலைப்புகள் தொகுப்பது என் வேலை.
ட்ரோண்ட்ஹைம். மூன்றாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே
பாதி உறைந்தும் பாதி ஓடியும் நிடெல்வா.
இந்த ஆண்டு அறுநூற்றுப் பதினொரு கட்டுரைகள்.
ஒவ்வொன்றையும் ஏதேனும் ஒரு துறையில் இறக்கிவிட வேண்டும்.
துறைகள் ஒன்பது.

சால்மன் மீனின் பேன்
இருட்டில் தன் மீனை எப்படிக் கண்டுபிடிக்கிறது:
கடல்வளம். சிக்கலில்லை.
காற்றாலை இறக்கையில் பனி ஒட்டாத பூச்சு:
எரிசக்தி என்றேன். பூச்சு எங்களுடையது என்று
வேதியியலிலிருந்து நீளமாக ஒரு மின்னஞ்சல்.
காதுக் கருவி அணிந்தவர்களுக்குப்
பனியில் நடக்கும் சத்தம்
ஏன் கண்ணாடி நொறுங்குவதுபோல் கேட்கிறது:
மருத்துவமா, ஒலியியலா?
குன்வோரிடம் கேட்டேன்.
"பூட்ஸ் கடைக்காரனைக் கேள்" என்றாள்.

கடைசித் தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி, இரவு இரண்டே முக்கால்.
அடித்தளத்து உறைபெட்டி அலறத் தொடங்கியது.
மைனஸ் எண்பது, மைனஸ் எழுபத்து நான்கு,
எழுபத்தொன்று.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
ஊரே விறைத்துக் கிடக்கையில்
குளிர் போதவில்லை என்று
உள்ளே ஓர் ஓலம்.

காவல்பணியிலிருந்த ஹால்வார்
சுவரில் ஒட்டிய பட்டியலை
மேலிருந்து கீழாக எழுப்பினான்.
இரவுச் சட்டைமேல் கோட்டு மாட்டி வந்தார்கள்.
ஒருவர் மனைவியின் பூட்ஸில்.
ஒருத்தி தூங்கும் குழந்தையோடு.
லிஃப்டில் ஒருவர் காலணியை ஒருவர் பார்த்தபடி
ஆண்டுக்கணக்காய் ஏறி இறங்கியவர்கள்
படிக்கட்டில் வரிசையாய் நின்று
தட்டுகளைக் கைமாற்றினார்கள்.

இது என்ன?
பேன்.
இது?
இடுப்பெலும்பு. தூளாக்கியது. தலைகீழாகப் பிடிக்காதே.
இது?
ஒரு தேவாலயக் கூரையைத் தின்ற காளான்.
அடப்பாவி, எங்கள் தேவாலயமா?

இரண்டாம் மாடியில் இங்வேயின் உறைபெட்டி.
ஒரு சாண் இடம் கேட்டாலும்
ஒப்பந்தத்தை எடுத்து நீட்டும் இங்வே.
அன்று ஒன்றும் பேசாமல்
தன் ஈஸ்ட்டை ஓரமாய் ஒதுக்கினார்.
எலும்பின்மேல் மீன், மீன்மேல் சதுப்புமண்,
காளான்மேல் யாரோ ஒருவரின் ரத்தம்.
கதவு மூடவில்லை.
ஒரு பெட்டி வெளியே வந்தாக வேண்டும்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அலாரம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது, சிவப்பாய்.

"என்னுடையதை வாசலில் வையுங்கள்" என்றாள் ஸ்னெஃப்ரிட்.
"அது பனிதானே."

மூன்று குளிர்காலம்
மலையுச்சியில் கூடாரமடித்து
அவள் விழ விழப் பிடித்த பனி அது.
மைனஸ் பத்தொன்பதில் முனை மழுங்கும்,
கிளை உதிரும், ஆறு கை விண்மீன்
வெறும் மணியாகிவிடும்.
அவளுக்குத் தெரியும்.
அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும் என்பதுதான்
சங்கடம்.

விடிவதற்குள் தூங்கப் போயிருக்கலாம்.
போகவில்லை.
ஒலியியல்காரர் பெட்டிக்குள் நுண்ஒலிவாங்கி ஒன்றை வைத்தார்.
காற்றாலைக்காரர்கள் தங்கள் கேமராவைக் கொண்டுவந்தார்கள்.
இங்வே காபி போட்டார். மோசமான காபி.
பனி தன்னை மறப்பதைப்
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டார்கள்.

இரண்டே பக்கக் கட்டுரை.
"மைனஸ் பத்தொன்பதில் ஓரிரவு:
பனிப்படிகம் எவ்வளவு மறக்கிறது?"
பதினான்கு ஆசிரியர்கள், ஒன்பது துறைகள்,
கடைசிப் பெயர் ஹால்வார், காவல்.
முடிவு: போதிய தரவு இல்லை.

மென்பொருள் துறையைக் கேட்டது.
வெற்றிடத்தை ஏற்க மறுத்தது.
நான் ஜன்னலைப் பார்த்து
என் மொழியில் முணுமுணுத்தேன்: ஆறு.
விரல் எண்ணென்று நினைத்து ஆறை அழுத்திவிட்டது.

ஆறாம் துறை: சாலை, பாலம், படகு.

அறிக்கை அச்சாகிவிட்டது.
இதுவரை யாரும் கேட்கவில்லை.